தங்க வயலில் ஒரு சொந்த வீடு



"உங்களுக்கு எந்த ஊர்?" என்று ஒருவர் கேட்டால், பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் உடனே விடை கூறுவதில்லை. பிறந்த ஊர் ஒன்று. பிழைக்க வந்த ஊர் மற்றொன்று. பணி முடிந்த பின் எங்கே தங்குவது என்பது இன்னும் முடிவாகாத ஊர் மூன்றாவது. இம்மூன்றுக்கும் இடையே நம் மனம் ஊசலாடுகிறது. அண்டை வீட்டாரின் மொழியை நாம் கற்றுக் கொண்டு விட்டோம். அவ்வூர்ச் சமையலும் நம் அடுக்களைக்குள் புகுந்து விட்டது. எனினும் "இது என் ஊர்" என்று சொல்ல நாக் கூசுகிறது. குடியிருக்கும் நான்கு சுவர்களும் பிறர் பெயரில் இருக்கும் வரையில் இக்கூச்சம் நீங்குவது அரிது.

தனி மனிதர் ஒருவருக்கு நேரும் இத்தயக்கம் ஓர் ஊருக்கே நேர்ந்தால் எப்படி இருக்கும்? நான்கு தலைமுறையாக ஒரே இடத்தில் பிறந்து, உழைத்து, அங்கேயே மண்ணாகி, அந்த மண்ணில் ஒரு சாண் கூடத் தமக்கென்று எழுதப் பெறாத மக்கள் ஓர் ஊர் முழுதும் வாழ்ந்தால் எப்படி இருக்கும்? அத்தகைய ஊர் ஒன்று உண்டு. அதுவே கருநாடக மாநிலத்துக் கோலார் மாவட்டத்தில் உள்ள கோலார் தங்க வயல். அதன் கதையைக் கூறி, அக்கதை நம் போன்றோருக்குக் காட்டும் பாடத்தை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் தங்க வயல் உள்ளது. பங்காருப்பேட்டையில் பிரியும் கிளை இருப்புப்பாதை மாரிக்குப்பத்தில் சென்று முடிகிறது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை முறையாகத் தொடங்கினர். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்துக் காவிரி வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் இங்கே கொண்டு வரப்பட்டது. அக்காலத்தில் நாட்டின் பெருநகரங்களிற் பலவும் எண்ணெய் விளக்கில் இருந்தன என்பதை நினைத்தால் இதன் சிறப்பு விளங்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. நூற்றிருபது ஆண்டுகளில் இங்கிருந்து எடுக்கப்பட்ட தங்கம் ஏறத்தாழ 800 டன் என்பர்.

அந்த ஆழத்தில் இறங்கியவர்கள் யார்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்களே அவர்களிற் பெரும்பாலோர். அவர்களுள்ளும் மிகப் பலர் ஊருக்கு வெளியே சேரிகளில் ஒதுக்கப்பட்டிருந்த ஆதிதிராவிட மக்கள். சொந்த ஊரில் நிலமும் இல்லை, மதிப்பும் இல்லை என்ற நிலையில், உயிரைப் பணயம் வைத்தேனும் கூலியைக் கையில் வாங்கும் தொழில் அவர்களுக்கு விடுதலையாகவே தோன்றியது.

கம்பெனியார் அவர்களுக்குக் குடியிருக்க இடம் அளித்தனர். வெள்ளை அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு கூடிய பங்களாக்கள். தொழிலாளருக்கு மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசைகள். 'லைன்' என்று பெயர் பெற்ற அவ்வரிசைகளில், ஒரே அறைக்குள் சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் நிகழ்ந்தன. 'சின்ன இங்கிலாந்து' என்று பிறர் வியந்து பாராட்டிய ஊரின் மறுபக்கம் இது. குடிசையும் கம்பெனியுடையது, அது நின்ற நிலமும் கம்பெனியின் வசம். வேலை உள்ளவரையில் கூரை உண்டு. வேலை போனால் கூரையும் போகும். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யத் துணிவதற்கு முன் வயிற்றைப் பற்றி மட்டுமன்றி வீட்டைப் பற்றியும் எண்ண வேண்டியிருந்தது. அவ்வாறு எண்ணிய பின்னும் அவர்கள் துணிந்தார்கள். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-ஆம் ஆண்டில் நடந்த வேலைநிறுத்தமும், 1946-ஆம் ஆண்டு நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் உயிர் நீத்த நிகழ்ச்சியும் அதற்குச் சான்று.

நிலம் இல்லாத அம்மக்கள் அறிவுத்துறையில் ஏழைகளாக இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. பண்டிதர் 1914-இல் மறைந்த பின்னர், அவர் நடத்திய 'தமிழன்' இதழ் அப்பாத்துரையாரின் முயற்சியால் தங்க வயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலையார் இங்கே அச்சிட்டு வெளியிட்டனர். பத்திரிகை, புத்தகசாலை, சங்கம் ஆகிய அனைத்தையும் அவர்கள் தம் கூலியிலிருந்து உருவாக்கினர். அவர்கள் கையால் உருவாக்க இயலாமற் போனது ஒன்றே ஒன்று. அதுவே தம் பெயரில் ஒரு வீட்டு மனை.

1956-ஆம் ஆண்டில் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. 1962-இல் அவை மத்திய அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாறின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தோன்றியது. உடைமையாளர் பெயர் மும்முறை மாறியும் குடியிருப்போர் நிலை மாறவில்லை. கம்பெனி வீடு சர்க்கார் வீடு ஆயிற்று, அவ்வளவே. பிறகு தாது குறைந்தது, ஆழம் மிகுந்தது, செலவு வரவை விஞ்சியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியோடு சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் ஒரே நாளில் வேலை இழந்தனர்.

சில திங்களுக்கு முன் நாம் மாரிக்குப்பம் சென்றிருந்தோம். விடியற்காலையில் பெங்களூர் செல்லும் வண்டியில் ஏறுவதற்கு இளைஞர்கள் ஓடி வந்து கொண்டிருந்தார்கள். தாத்தாமார் மண்ணுக்குள் இறங்கினார்கள். பேரப்பிள்ளைகள் நாள்தோறும் நூறு கிலோமீட்டர் போய், இரவு நூறு கிலோமீட்டர் திரும்புகிறார்கள். அங்கேயே வாடகைக்கு அறை எடுத்தால் வருவாயிற் பாதி அதற்கே போய் விடும். ஆதலால் வீடு இங்கே, வேலை அங்கே.

லைன் ஒன்றில், வேப்ப மரத்தடியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. அவருடைய பாட்டனார் குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து வந்தவராம். அவரும் சுரங்கத்தில் இறங்கியவர். வீட்டுக்குள் அழைத்துச் சென்று, தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். தந்தையாரின் வேலைச் சீட்டு, தம்முடைய சம்பளச் சீட்டுகள், மின்கட்டண இரசீதுகள், வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. அந்தக் குடும்பம் அங்கே வாழ்ந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை. மேலே பார்த்தோம். கூரையில் நான்கைந்து ஓடுகள் உடைந்து, வெளிச்சம் உள்ளே விழுந்து கொண்டிருந்தது.

"ஓடு மாற்றக் கூடாதா, ஐயா?" என்று கேட்டோம்.

"மாற்றலாம், தம்பி. மகன் பணம் தருகிறேன் என்றுதான் சொல்கிறான். ஆனால் யார் வீட்டுக்கு நான் ஓடு மாற்றுவது? நாளைக்கு எவனாவது வந்து எழுந்து போ என்றால், ஓட்டைக் கழற்றித் தலையில் வைத்துக் கொண்டா போவேன்?" என்றார் அவர்.

நேயர்களே, பொருளியல் நூலார் பல பக்கங்களில் எழுதுவதை அப்பெரியவர் ஒரு மழைக்காலத்து ஓட்டை வைத்து விளக்கி விட்டார். உரிமை இல்லாத வீட்டில் எவரும் பணம் போடுவதில்லை. வங்கியும் கடன் கொடுப்பதில்லை. ஈடு வைக்கப் பத்திரம் ஏது? கழிவுநீர்க் கால்வாய் அமைக்க வேண்டிய நகரசபை, "அது நிறுவனத்தின் எல்லை" என்கிறது. வரவுக்கு வழியில்லாத நிறுவனம், "எம்மிடம் பணம் இல்லை" என்கிறது. இவ்வாறு வீடு சிதைகிறது. சிதைந்த வீட்டைப் பார்ப்பவர், "இது சேரி, அகற்றுக" என்று சொல்கிறார்.

இவ்விடத்தில் நம் தொழில் பற்றிய ஒரு செய்தியைக் கூற வேண்டும். நாம் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறோம். சட்டங்களிலும் அறிவிப்புகளிலும் வரும் தொடர் ஒன்று பன்முறை நம் மேசைக்கு வந்துள்ளது. 'அனுமதியின்றிக் குடியிருப்பவர்' என்பதே அத்தொடர். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அரசாங்க நிறுவனங்களின் வீடுகளும் பொது இடங்களே. பணிக்காக அளிக்கப்பட்ட வீட்டில் பணி முடிந்த பின்னும் தங்கியிருப்பவர் அனுமதியின்றிக் குடியிருப்பவர் ஆகி விடுகிறார். அத்தொடரை மொழிபெயர்க்கையில் நமக்கு எவ்வித இடர்ப்பாடும் இருந்ததில்லை. வேப்ப மரத்தடியில் அப்பெரியவரைக் கண்ட பிறகே, அத்தொடர் யாரைக் குறிக்கக் கூடும் என்பது உறைத்தது. பாட்டனார் வந்த நாள் தொட்டு அங்கேயே வாழும் குடும்பத்தை 'அனுமதியின்றி' என்று ஒரு சொல் மாற்றி விடுகிறது.

சட்டத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. பணி வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அடுத்து வரும் ஊழியருக்கு அவ்வீடு வேண்டும். நாமும் அரசாங்கக் குடியிருப்பில் வாழ்பவரே. ஓய்வு பெறும் போது நாமும் சாவியைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். ஆனால் தங்க வயலில் அடுத்து வரும் ஊழியர் யார்? சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகி விட்டன. விதிக்கு அடிப்படையான காரணம் மறைந்த பின்னும் விதி மட்டும் நிற்பது முறையாகுமா என்பதே நம் கேள்வி.

"கொடுக்க நிலம் வேண்டாமா?" என்று வினவுவோர் உளர். இவ்வினாவையும் ஆராய்வோம். சுரங்க நிறுவனத்தின் வசம் இருந்த நிலம் ஏறத்தாழ 12,000 ஏக்கர். அதில் வீடு கட்டத் தகாத பகுதிகள் பல உள்ளன. தாதுவை அரைத்துச் சயனைடு கலந்து தங்கம் பிரித்த பின் கொட்டிய மண், மலை மலையாக நிற்கிறது. கோடைக் காற்றில் அம்மண் வீடுகளுக்குள் படிகிறது. அத்தகைய குவியல்கள் பதின்மூன்று, ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் உள்ளன. அவற்றில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசாங்கத்தின் திட்டத்துக்குக் கருநாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. அடியில் குடைந்து வெறுமையாகிய பகுதிகளும் உள்ளன. சுரங்கம் நடந்த காலத்தில் பாறை வெடித்து அதிர்ந்தால் மேலே வீட்டுச் சுவர்கள் விரிசல் விடுவது வழக்கம்.

இவை போக எஞ்சியதை நாம் ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கருநாடகத்தில் வழக்கமாக மனை என்றால் முப்பதுக்கு நாற்பது அடி. ஒரு பேச்சுக்காகப் பதினாயிரம் குடும்பங்கள் என்று வைத்துக் கொண்டாலும், மனைகளுக்கு மட்டும் 275 ஏக்கரே ஆகும். சாலை, பள்ளி, கால்வாய் ஆகியவற்றுக்காக அதை இரட்டித்தாலும் 550 ஏக்கர்; முழு நிலத்தில் இருபதில் ஒரு பங்கு கூட இல்லை. ஆகவே தங்க வயலில் நிலத்துக்குப் பஞ்சம் என்பது அளவுகோலால் காணும் பஞ்சம் அன்று. மாநிலம், மத்திய அரசாங்கம், நிறுவனம் என்னும் மூவருக்கிடையே நிலம் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. தொழிற்பேட்டைக்கு இவ்வளவு ஏக்கர், சுரங்கத்துக்கு இவ்வளவு ஏக்கர் என்று கணக்கிடும் கோப்புகளில், குடியிருப்போருக்கு இவ்வளவு என்னும் வரி முதலில் எழுதப்பட வேண்டும் என்பதே அம்மக்களின் நெடுநாளைய வேண்டுகோள்.

இது தங்க வயலுக்கு மட்டும் உரிய துன்பமா? அன்று. இலங்கை மலையகத்தைப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் வாழும் இடத்துக்கும் 'லயன்' என்றே பெயர். 1948-இல் குடியுரிமையையே இழந்த அம்மக்களுக்கு, நெடுங்காலத்துக்குப் பின்னரே குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் தனி வீட்டுக்காக என்னும் ஏற்பாடு வந்தது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய அரசாங்கத்தின் உதவியால் முதலில் 4,000 வீடுகள் என்று திட்டமிட்டு, 2017-ஆம் ஆண்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. தேவையோடு ஒப்பிட்டால் இது சிறிதே. எனினும் லயன் காம்பராவிலிருந்து தனி வீட்டுக்கு வழி உண்டு என்பதை இது காட்டியது.

சிங்கப்பூர் நிலத்துக்கு உண்மையாகவே பஞ்சமான தீவு. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தோன்றியது. 1964-இல் அடுக்குமாடி வீடுகளைக் குடியிருப்போருக்கே விற்கும் திட்டம் வந்தது. 1968 முதல் தொழிலாளர் தம் சேமநிதியைக் கொண்டே வீடு வாங்கலாம் என்று வழி செய்தனர். இன்று அங்குள்ள குடும்பங்களிற் பத்தில் ஒன்பது சொந்த வீட்டில் வாழ்கின்றன. சிறுபான்மையினராகிய தமிழரும் அவர்களுள் அடங்குவர். ஓரினத்தார் ஓரிடத்திலேயே ஒதுங்கி விடாதிருக்க 1989-இல் ஒவ்வொரு கட்டடத்திலும் இனவாரி வரம்பும் வைத்தனர். அவ்வரம்பினால் சிறுபான்மையினர் தம் வீட்டை விற்கும் போது வாங்குவோர் குறைந்து விலை இறங்கும் தொல்லையும் உண்டாயிற்று. நன்மை செய்யும் விதியிலும் சுமை யார் தோளில் விழுகிறது என்பதைப் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

நம் நாட்டிலேயே ஒடிசா மாநிலம் 2017-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. சிறு நகரங்களின் குடிசைப் பகுதி மக்களுக்கு, அவர்கள் வாழும் இடத்திலேயே நில உரிமைச் சான்று அளிக்க அது வகை செய்தது. அவ்வுரிமை பிள்ளைகளுக்குச் சேரும். வங்கியில் ஈடு வைக்கலாம். ஆனால் விற்க இயலாது. மணமானவருக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சான்று வழங்கப்படும். தங்க வயலுக்கு இதனினும் பொருத்தமான முன்மாதிரி வேண்டுவதில்லை.

உரிமைப் பத்திரம் இல்லாமையின் விலையை அறிய விரும்புவோர் தில்லியை நினைக்கலாம். ஜங்புராவில் ஓடைக்கரையில் பல்லாண்டுகளாக இருந்த 'மதராசி முகாம்' 2025 ஜூன் முதல் நாள் இடிக்கப்பட்டது. அங்கிருந்த 370 குடிசைகளில் மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று கொள்ளப்பட்டவை 189. அவ்வீடுகளும் நகரின் வடகோடியில் நரேலாவில். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் அவ்வளவு தொலைவிலிருந்து எவ்வாறு வந்து போவது? வீடு என்பது சுவர் மட்டும் அன்று. வேலைக்கு நடந்து போகும் தூரமும் அதனுள் அடங்கியதே.

இனித் தங்க வயலில் செய்யத் தக்கவை யாவை என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலாவது, வீடு வீடாக அளந்து எல்லை குறித்தல். இரண்டாவது, நிலத்தின் உறுதியை ஆராய்தல். பாறை இயக்கவியல் தேசிய ஆய்வு நிறுவனம் தோன்றியதே தங்க வயலில்தான் ஆதலால், இதற்கு வெளியூர் அறிவைத் தேட வேண்டியதில்லை. அபாயமான இடம் என்று கண்டால், அருகிலேயே மாற்று மனை அளித்த பின்னரே மக்களை நகர்த்த வேண்டும். மூன்றாவது, தொழிலாளி இறந்திருந்தால் கைம்பெண்ணுக்கும் வாரிசுகளுக்கும் உரிமை தடையின்றிச் சேர வேண்டும். நான்காவது, பத்திரம் கன்னடத்தில் இருப்பது முறையே. அதனுடன் தமிழ்ப் படியும் இணைக்கப்பட்டால், கையெழுத்திடுபவர் தாம் எதில் கையெழுத்திடுகிறோம் என்று அறிவார். மொழிபெயர்ப்பாளராகிய நாம் இதை வற்புறுத்துவது இயல்பு என்று நீங்கள் புன்னகைக்கலாம். எனினும் புரியாத தாளில் வைத்த கைரேகையின் வரலாறு அவ்வூருக்கு நன்கு தெரியும்.

"பத்திரம் கொடுத்தால் மறுநாளே விற்று விடுவார்கள்" என்பது வழக்கமாகக் கூறப்படும் தடை. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். பெங்களூர் விரிந்து வரும் வேகத்தில் தரகர் வருவது உறுதி. இன்னின்ன ஆண்டு வரையில் விற்கலாகாது என்னும் நிபந்தனை அதற்குப் போதுமான வேலியாகும். அதற்காக உரிமையையே மறுப்பது, பயிரை ஆடு மேயும் என்று அஞ்சி விதைக்காமலே இருப்பதை ஒக்கும். அன்றியும், இந்தியக் குடிமகன் எவரும் நாட்டின் எப்பகுதியிலும் குடியமர்ந்து வாழலாம் என்று அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு உறுதி கூறுகிறது. குடியமர்வது என்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வரையில் தங்கியிருப்பது மட்டும்தானா?

நேயர்களே, உங்களுக்கு ஒரு சொல். மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ சிறிது சிறிதாகச் சேர்த்து வீடு வாங்க முயல்வோர் நம்மிற் பலர். பதிவு செய்த கிரயப் பத்திரம் இன்றி, அதிகார முகவர் பத்திரத்தை மட்டும் நம்பிப் பணம் கொடாதீர்கள். அதனால் உடைமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தெளிவாகக் கூறியுள்ளது. வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடாதீர்கள். கருநாடகத்தில் 'காத்தா' என்பது வரிப் பதிவேட்டில் பெயர் இருப்பதைக் காட்டுவது. அதுவே கிரயப் பத்திரத்துக்கு ஈடாகாது. எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், தெரிந்த ஒருவரைக் கொண்டு வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையெழுத்திடுங்கள். வீட்டின் பெயரில் மனைவியின் பெயரையும் சேருங்கள்.

விடைபெறும் போது பெரியவர் வேப்ப மரத்தைக் காட்டி, "இது மகன் பிறந்த வருஷம் நான் வைத்தது, தம்பி" என்றார். அம்மரத்தில் நான்கு வீட்டார் கொடி கட்டித் துணி உலர்த்துகிறார்கள். அது யாருடைய மரம் என்று எவரும் அங்கே கேட்பதில்லை. அவ்வரிசையில் உள்ள வீடுகளும் யாருடையவை என்ற கேள்விக்கு, அங்கே வாழ்வோரின் பெயரே விடையாக எழுதப்படும் நாள் விரைவில் வர வேண்டும். அந்நாளில் அப்பெரியவர் முதலில் செய்யப் போவது ஓடு மாற்றுவதே என்பதில் நமக்கு ஐயமில்லை.